சத்தமாக மூடும் கத்தி

கத்தி வாங்க வருகிறவர்கள் அலகைத் தடவிப் பார்ப்பார்கள், பிடியை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார்கள், சிலர் முன்கை ரோமத்தைச் சிரைத்தும் பார்ப்பார்கள். ரோசாலி, கடையில் இருந்த மடக்குக் கத்திகளை ஒவ்வொன்றாகக் காதருகே கொண்டுபோய் மூடிப் பார்த்தாள். மே மாதச் சந்தை நாள். லகியோல் ஊர்த் தெருவெல்லாம் மாடும் ஆளுமாக ஒரே இரைச்சல். அது காதில் விழக்கூடாது என்று கடைக்கதவை வேறு சாத்தச் சொல்லியிருந்தாள்.

“ஏம்மா, கத்தி வாங்க வந்தியா, கோயிலுக்கு மணி வாங்க வந்தியா?” என்றார் கடைக்காரர் கலிக்ஸ்த்.

“கத்திதாண்ணே. மூடினா நல்லா ஓங்கிச் சத்தம் கேக்கணும்.”

“கத்தின்னா வெட்டணும். சத்தம் போடத்தான் வீட்டுல உன் மாமனார் இருக்காரே, போதாதா?”

அவள் சிரிக்கவில்லை. மாமனார் காசிமிர் பேச்சு வந்தால் அவளுக்குச் சிரிப்பு வராது, பல்தான் கடிபடும். கலிக்ஸ்த் அதைக் கவனித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வியாபாரத்துக்கு வந்தார்.

“எதுக்குன்னு சொல்லு. அதுக்குத் தக்கபடி எடுத்துக் குடுக்கிறேன்.”

“மலைக்குப் போறேன். பனி விழற வரைக்கும் குடில்லதான் இருப்பு. ரொட்டி அறுக்கணும், கயிறு அறுக்கணும், குளம்புல சிக்கின கல்லு எடுக்கணும். மாட்டுக்கு உப்புசம் கண்டா வயித்துல குத்திக் காத்தை எறக்கணும். மத்த நேரமெல்லாம் மடியிலயே கிடக்கணும்.”

கலிக்ஸ்த் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் ஓப்ராக் மலையில் கோடைக்காலம் முழுக்க மாட்டோடு தங்கிப் பாலாடைக்கட்டி காய்ச்சுவது ஆண்களின் வேலை. பெண் காலடி பட்டால் குடிலில் பால் திரிந்துபோகும் என்று சொல்லித் திரிகிற தடியன்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் போருக்குப் பிறகு ஆள் எங்கே கிடைக்கிறான்? கொஞ்சம் கை கால் விளங்குகிறவன் எல்லாம் பாரிஸில் மச்சான் வைத்திருக்கும் காப்பிக்கடையில் கோப்பை கழுவப் போய்விட்டான். காசிமிரின் குடிலில் தலைமை பார்த்த ஆளும் அந்த வழியே போனவன்தான்.

“நீயா? தலைமைக்கா? உன் மாமனார் ஒத்துக்கிட்டாரா?”

“ஒத்துக்கிட்டார். மருமகளுக்குச் சம்பளம் கிடையாதே!”

கலிக்ஸ்த் கத்தித் தட்டுப் பக்கம் திரும்பினார். முதலில் ஒரு மெல்லிய கத்தியை எடுத்தார். மரப்பிடி, பார்க்கப் பொம்மை மாதிரி இருந்தது. ரோசாலி கையை நீட்டுவதற்குள் அவரே அதைத் திரும்ப வைத்துவிட்டார். “இது உனக்கு ஆகாது. கூடாரம் போட்டுக் கூத்தடிக்க வர்ற பாரிஸ்காரங்களுக்கு விக்கிறது. ஒரு மழையில நனைஞ்சா பிடி வெடிச்சிடும்.” அடுத்து ஒன்றைத் திறந்து, அலகைப் பிடித்து இரண்டு பக்கமும் அசைக்கச் சொன்னார். லேசாக ஆடியது. “இப்பவே ஆடுது பார், ரெண்டு மாசத்துல கழண்டு விழும்” என்று தன் கடைச் சரக்கையே திட்டினார். கடைசியில் அடித்தட்டிலிருந்து ஒன்று வந்தது. கொம்புப் பிடி, தடித்த முதுகு, பக்கவாட்டில் மாட்டு வயிற்றைக் குத்துவதற்கான நீண்ட குத்தூசி. அலகை நிமிர்த்த ரோசாலிக்கு நகம் வலித்தது, அவ்வளவு அழுத்தமான வில்.

அவள் அதைக் காதருகே கொண்டுபோய் மூடினாள்.

டப்!

கலிக்ஸ்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

“இதுதான்” என்றாள் ரோசாலி.

“இதுதான் சரியான கத்தி, நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா இப்படி அறைஞ்சு மூடாதே தாயி. அலகு உள்ள போய் வில்லுல இடிக்கும், கூர் மழுங்கிடும். கட்டைவிரலை அண்டக் குடுத்து மெல்ல மூடணும். உன் மாமனார் கத்தியைச் சாணை பிடிக்கக் கொண்டு வரும்போதெல்லாம் பார்க்கிறேனே, நடுவுல பல்லு விழுந்து கிடக்கும்.”

“மழுங்கினா உங்ககிட்டயே கொண்டு வரேன்.”

“யாரை எழுப்பப் போற?” என்று கேட்டார் கலிக்ஸ்த், குரலைத் தாழ்த்தி.

ரோசாலி வெண்ணெய் விற்ற காசை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் கத்தி மூடுகிற சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுத் தலைவன் தன் கத்தியைத் திறந்தால் சாப்பாடு ஆரம்பம், மூடினால் முடிந்தது. மேசையில் இருக்கிற எல்லோரும் அந்தக் கணமே எழுந்துவிட வேண்டும். தட்டில் பாதி இருந்தாலும் சரி, வாயில் பாதி இருந்தாலும் சரி.

இதில் அக்கிரமம் என்னவென்றால், பெண்கள் பரிமாறிவிட்டுத்தான் உட்காரலாம். காசிமிர் அவசரத் தீனிக்காரன். சூப்பை உறிஞ்சி, இறைச்சியைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, ரோசாலி முக்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் நேரம் பார்த்து டப் என்று மூடுவான். மூடிவிட்டு அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. கட்டையில் போகிறவன்! கணவன் ஃபிர்மின் நல்லவன். நல்லவன் என்றால், எதற்கும் வாயைத் திறக்காதவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்திச் சத்தம் கேட்டால் முதலில் எழுகிறவனே அவன்தான். ரோசாலி பாத்திரம் கழுவும்போது சுரண்டித் தின்று வயிற்றைக் கழுவினாள். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்.

கல்யாணம் ஆன முதல் இலையுதிர் காலத்தில் அவளுடைய அம்மா விக்தோரின் மகளைப் பார்க்க வந்தாள். ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து மலை மேலே நடந்தே வந்தாள், காலில் மரச் செருப்போடு. மூச்சு வாங்க வந்து மேசையின் கோடியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு அலிகோ. உருளைக்கிழங்கு மசியலில் புதுப் பாலாடைக்கட்டியைப் போட்டு, இழுத்தால் நூலாக நீளும்வரை கிண்டுவது. ரோசாலிதான் கிண்டினாள், அம்மா தின்பாள் என்று கை வலிக்க வலிக்கக் கிண்டினாள். அம்மா தட்டில் நிறையப் போட்டாள். விக்தோரின் ஒரு வாய் தின்றாள். மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், நன்றாக இருக்கிறது என்று. இரண்டாவது வாய்க்கு முள்கரண்டியைத் தூக்கினாள். காசிமிர் கத்தியை மூடினான்.

விக்தோரினும் எங்கள் பக்கத்துப் பெண்தானே, வழக்கம் தெரியாதா? உடனே எழுந்துவிட்டாள். முள்கரண்டியிலிருந்து வாய்வரைக்கும் அலிகோ நூலாகத் தொங்கியது. அதை விரலால் அறுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டு, திருடி மாட்டிக்கொண்டவளைப் போல நின்றாள். பிறகு மேசையைத் துடைக்க மகளுக்கு ஒத்தாசை செய்துவிட்டு, பொழுது சாய்கிறது என்று கிளம்பிவிட்டாள். வந்த வழியே பட்டினியாக இறங்கிப் போனாள். அந்தக் குளிர்காலத்திலேயே மார்ச்சளி வந்து போய்ச் சேர்ந்தாள். மகள் கையால் அவள் தின்றது அந்த ஒன்றரை வாய்தான்.

அன்றிலிருந்து ரோசாலி கறுவிக்கொண்டே இருந்தாள். சாபம் விட்டுப் பார்த்தாள், காசிமிர் குத்துக்கல் மாதிரி இருந்தான். சூப்பில் எதையாவது கலந்துவிடலாமா என்றுகூட ஒரு தரம் நினைத்து, சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் சாகவேண்டும் என்பது அவள் ஆசையில்லை. வாயில் சோற்றோடு அவன் எழுந்து நிற்கவேண்டும். நாலு பேர் பார்க்க நிற்கவேண்டும். அதற்கு அவன் உட்காரும் மேசையில் வேறொருவர் தலைமை வேண்டும். அப்படி ஒரு மேசை இந்த உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. மலைக்குடிலில், குடில் தலைமை பார்க்கிறவரின் கத்திதான் கத்தி. மாட்டுச் சொந்தக்காரனே வந்து உட்கார்ந்தாலும், மந்திரியே வந்தாலும், அந்தக் கத்தி மூடினால் எழவேண்டும்.

காசிமிருக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் கத்தி என்பது ஆணின் கால்சட்டைப் பையில் இருக்கிற சாமான் என்றே பழகிய புத்தி. பெண்ணிடம் அது இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. போதாக்குறைக்கு, மாடுகளுக்குப் பூவும் மணியும் கட்டி மலையேற்றிய அன்று, பெண்பிள்ளை சொல்லி நாங்கள் கேட்பதா என்று முணுமுணுத்த குடில் வேலையாட்கள் யூலிஸையும் மார்சியாலையும் பார்த்துக் காசிமிரே தன் வாயால் கத்தினான்:

“டேய், இங்க இவ சொல்றதுதான் சட்டம்! நான் இருந்தாலும் இவ சொல்றதுதான், இல்லாட்டியும் இவ சொல்றதுதான்! புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது” என்றார்கள் இருவரும். ரோசாலிக்கும் புரிந்தது.

முதல் வாரங்கள் வேலையிலேயே போயின. விடியலில் பால் கறக்கவேண்டும், உறை ஊற்றவேண்டும், கட்டியைப் பிழிந்து உப்புப் போட்டு நிலவறையில் அடுக்கவேண்டும். யூலிஸ் கிழட்டுக் கடுவன், எதற்கெடுத்தாலும் முனகுவான். ஆனால் சிவப்பு மாடு ஒன்று பனிப்புல்லை மேய்ந்து பீப்பாயாக உப்பி விழுந்தபோது, ரோசாலி இடுப்பெலும்பிலிருந்து சாண் வைத்துப் பார்த்துக் குத்தூசியை இறக்கினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறி மாடு எழுந்து நின்றது. அதற்குப் பிறகு யூலிஸ் முனகல் குறைந்தது. மேசையில் அவள் கத்தி திறந்தால் தின்றார்கள், மூடினால் எழுந்தார்கள். அவள் மெதுவாகத்தான் மூடினாள், கட்டைவிரலை அண்டக் கொடுத்து, எல்லோரும் தின்று முடித்த பிறகு. “அந்தக் கஞ்சப்பயல் வீட்டுலேர்ந்து இப்படி ஒருத்தியா!” என்று மார்சியால் ஆச்சரியப்பட்டான்.

பாலாடைக்கட்டியைத் தட்டிப் பார்க்கக் காசிமிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். தனியாக வரவில்லை, மாட்டுத் தரகர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். நிலவறையைச் சுற்றிக் காட்டி, “எல்லாம் என் மருமக கைவண்ணம். காசு செலவில்லாம கிடைச்ச ஆளு” என்று தரகர் தோளில் தட்டிச் சிரித்தான். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தான். ரோசாலி அலிகோ கிண்டியிருந்தாள். முதல் கரண்டி அவன் தட்டில்தான் விழுந்தது. எல்லோருக்கும் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மடியிலிருந்து கத்தியை எடுத்து, திறந்து, ரொட்டியை அறுத்துக் கொடுத்தாள்.

“அட! கத்தியெல்லாம் வச்சிருக்கியா?” என்றான் காசிமிர்.

“ஆமா மாமா. சாப்பிடுங்க.”

அவன் ஒரு வாய் தின்றான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வாய்க்கு அவன் முள்கரண்டியைத் தூக்கினான். நூல் நீண்டது.

டப்!

யூலிஸும் மார்சியாலும் எழுந்துவிட்டார்கள், காரணம் தெரியாவிட்டாலும். தரகரும் எழுந்துவிட்டார். அவரும் இந்த ஊர்தானே. காசிமிர் மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

“என்னடி இது?”

“மூடிட்டேன் மாமா.”

“விளையாடுறியா?”

“மலைச் சட்டம். நீங்கதான் சொன்னீங்க, நீங்க இருந்தாலும் நான்தான்னு. நீங்களே எழாம உக்காந்திருந்தா, நாளைக்கு உங்க வீட்டுல நீங்க மூடும்போது யாரு எழுந்திருப்பா?”

தரகர் மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும், ஊர் முழுக்கப் பரவிவிடும். காசிமிர் முகம் கல்லீரல் நிறத்துக்கு வந்தது. எழுந்தான். தாடையில் ஒட்டிய அலிகோவைப் புறங்கையால் துடைத்தான். ரோசாலிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருட வயிற்றெரிச்சலில் பாதி அப்போதே ஆறிவிட்டது. மீதிப் பாதிக்காக அவன் பின்னாலேயே வாசலுக்குப் போனாள்.

“எங்கம்மாவும் இப்படித்தான் எழுந்தா மாமா.”

“உங்கம்மாவா? அவளைக் கல்யாணத்துல பார்த்ததுதானே!”

“அதுக்கப்புறம் வரலையா?”

“எங்க வந்தா?” என்றான் காசிமிர். நடிக்கவில்லை. பாவி, உண்மையிலேயே அவனுக்கு ஞாபகம் இல்லை. எவளோ வந்தாள், எழுந்தாள், போனாள். அவன் தினமும் கத்தி மூடிய தடவைகளில் அதுவும் ஒன்று. ரோசாலிக்கு ஆறின பாதியும் மறுபடி பற்றிக்கொண்டது. எதற்காக எழுப்பப்பட்டோம் என்றே தெரியாதவனை எழுப்பி என்ன பிரயோசனம்?

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க மாமா” என்றாள். “ஞாபகம் வர்ற வரைக்கும் வாங்க. வந்துட்டா வயிறு நிறையச் சாப்பிடலாம்.”

அவன் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் தரகர் அதற்குள் சந்தையெல்லாம் கதையைப் பரப்பிவிட்டார். வராவிட்டால், மருமகளுக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். வந்து உட்கார்ந்து எழாவிட்டால், சட்டம் தெரியாதவன் என்பார்கள். மாட்டிக்கொண்டான் கிழவன். அடுத்த வாரம் வந்தான். உட்கார்ந்தவுடனேயே ஆரம்பித்தான்.

“வந்தாளாம். சாப்பிட உக்காந்தாளாம். நான் மூடினேனாம், எழுந்துட்டாளாம். ஃபிர்மின் சொன்னான். போதுமா?”

“இந்த ‘ஆம்’ போட்ட கதையெல்லாம் வேண்டாம் மாமா. நீங்க உங்க கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க.”

அவனால் சொல்ல முடியவில்லை. அவள் மூடினாள். அதற்கடுத்த வாரம் சட்டைப் பையில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு வந்தான். வேலியோரம் நின்று அவன் மெல்வதை யூலிஸ் பார்த்துவிட்டான். “மலைச் சொந்தக்காரர் மாடு மாதிரி அசைபோடுறாரு!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் காசிமிர் வேறு ஒன்று கற்றுக்கொண்டான். தட்டைப் பார்க்காமல் ரோசாலியின் கையையே பார்த்தபடி, சூடு ஆறுவதற்குள் கவளம் கவளமாக அள்ளி விழுங்கினான். நாக்கு வெந்தது. ஒரு தரம் புரையேறிக் கண்ணீர் வந்தது. ரோசாலி வேலைக்கு வந்த நாள்முதல், அதாவது மருமகளாக வந்த நாள்முதல், அவன் மேசையில் அவள் தின்றதும் அப்படித்தான். அவளுக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. வந்திருக்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒரு வருடம் பாத்திரம் சுரண்டித் தின்றுவிட்டு வந்து பேசட்டும்.

மாடுகளை இறக்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காற்றில் பனி வாசனை வந்துவிட்டது. காசிமிர் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பாடத்தை நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்த பள்ளிக்கூடப் பையனைப் போல மேசையில் கையை ஊன்றினான்.

“ஞாபகம் வந்துடுச்சு! நேத்து பன்னிக் கொட்டில்ல நின்னுக்கிட்டிருந்தேன், பளிச்சுன்னு வந்துச்சு. யாரும் சொல்லலை, நானாத்தான். கறுப்புச் சால்வை போட்டிருந்தா. மரச் செருப்புல ஒண்ணு விரிசல் விட்டு, கம்பி போட்டுக் கட்டியிருந்தா. சரியா?”

அந்தக் கம்பியை ரோசாலியே மறந்துவிட்டிருந்தாள். “சரி மாமா” என்றாள்.

“இரு, இன்னும் இருக்கு. முற்றத்துல என்கிட்ட ஒரு மூட்டை குடுத்தா. பெரிய பெரிய கொட்டையா, உங்க பள்ளத்தாக்குல விளையற செஸ்ட்நட். ‘எம்பொண்ணுக்கு உசுரு, சுட்டுக் குடுங்க’ன்னா. தூக்க முடியாத மூட்டை. அதை எப்படித்தான் சுமந்துக்கிட்டு வந்தாளோ!”

அம்மா வெறுங்கையோடு வந்தாள் என்றுதான் ரோசாலி இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். ஏழை, கொண்டுவர எதுவும் இருந்திருக்காது என்று, அம்மாவுக்காக அந்த வீட்டில் தலையைக் குனிந்தே நடந்திருந்தாள்.

“அந்த மூட்டை என்ன ஆச்சு மாமா?”

“அதான் சொன்னேனே, கொட்டில்ல நின்னப்போ ஞாபகம் வந்துச்சுன்னு. பன்னிக்குக் கொட்டிட்டேன். அந்த வருஷம் தீனி பத்தலை.” அவன் கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டை முன்னால் நகர்த்தினான். “சரி, போடு. வயிறு நிறையன்னு சொல்லியிருக்க.”

யூலிஸ் ரோசாலியின் கையைப் பார்த்தான். மார்சியாலும் பார்த்தான். கத்தி திறந்தபடி அவள் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கரண்டியை எடுத்துக் காசிமிர் தட்டில் அலிகோவைக் குவித்தாள். மேலும் ஒரு கரண்டி போட்டாள்.

“சாப்பிடுங்க மாமா. சொன்ன சொல் சொன்னதுதான். இன்னைக்கு நான் மூடப்போறதில்லை.”

அவன் தின்ன ஆரம்பித்தான். வேகமாகத்தான் ஆரம்பித்தான், பழகிவிட்டதே. பிறகு நம்பிக்கை வந்து மெதுவாக மென்றான்.

“பன்னிங்க நல்லாத் தின்னுச்சா மாமா?”

“தின்னாம? அடிச்சுப் பிடிச்சுக்கிட்டுத் தின்னுச்சு.”

“முழுசுமா?”

“ஒண்ணு விடலை.”

“நடுவுல யாரும் எழுப்பலையே?”

காசிமிரின் தாடை நின்றுவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவளைப் பார்த்தான். யூலிஸ் தலையைக் குனிந்துகொண்டான். கிழவன் தட்டை மெல்லத் தள்ளினான். தன் கத்தியை எடுத்து, கட்டைவிரலை அண்டக் கொடுத்து, சத்தமே வராமல் மூடினான். எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான்.

ரோசாலி, பழக்கத்தில் எழப்போன மற்ற இருவரையும் உட்காரச் சொன்னாள். தன் தட்டில் இருந்ததை அவசரப்படாமல், வழித்துத் தின்று முடித்தாள்.